ஊரூட்டம்பலத்துப் பள்ளிக்கூடம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் ஆண்டுக்கு இருமுறையேனும் ஊருக்குப் போய்வரும் நமக்குப் பாலராமபுரம் புதிய ஊரன்று. கைத்தறி வேட்டியும் நேரியதும் வாங்குமிடம் என்றோ, பேருந்து நின்று நின்று நகரும் நெருக்கடி மிக்க நாற்சந்தி என்றோ அதனை நினைவில் வைத்திருப்போம். அந்த நாற்சந்தியில் நெடுஞ்சாலையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் சாலையின் ஒரு முனை விழிஞ்ஞம் கடற்கரையைத் தொடுகிறது. மறு முனை காட்டாக்கடைக்குப் போகிறது. காட்டாக்கடைச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் மாறநல்லூர் ஊராட்சியைச் சேர்ந்த ஊரூட்டம்பலம் என்னும் சிற்றூர் வரும். அவ்வூரின் அரசுப் பள்ளிக்கூடத்தைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகிறோம்.

ஊர், ஊட்டு, அம்பலம் எனப் பெயரைப் பிரித்தாலே பொருள் விளங்கும். ஊட்டு என்பது தென் திருவிதாங்கூரின் அம்மன் கோயில்களில் ஊரே கூடி நடத்தும் படையல் விழா. ஊருக்கெல்லாம் உணவூட்டும் பெயர் தாங்கிய அந்த ஊரில்தான், ஒரு குழந்தை வகுப்பில் வந்து அமர்ந்தாள் என்பதற்காக ஒரு பள்ளிக்கூடம் தீக்கிரையானது. அவள் அமர்ந்ததாகக் கூறப்படும், பாதி கரிந்த பெஞ்சு அப்பள்ளியில் இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் தந்தப் பல்லக்குகளைக் கண்டு வியக்கும் நாம், தலைநகருக்கு இத்துணை அண்மையில் உள்ள இந்தக் கரிந்த மரத்தைக் காணச் செல்வதில்லை.

திருவிதாங்கூரின் கல்வி வரலாற்றை எழுதுவோர் 1817ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது மரபு. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று இராணி கௌரி பார்வதி பாய் ஆணை பிறப்பித்த ஆண்டு அது. ஐரோப்பாவிலேயே பல நாடுகள் எண்ணிப் பாராத கொள்கையை ஒரு சிறிய சுதேச சமஸ்தானம் அறிவித்தது என்று பெருமை பேசுவதில் தவறில்லை. பின்னர் திவான் மாதவராவ் காலத்தில் தாய்மொழிப் பள்ளிகள் பெருகின. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் தமிழ்ப் பள்ளிகளும் கிளைத்தன. நம் பாட்டன்மாரில் பலர் அப்பள்ளிகளில் எழுத்தறிந்து, அவ்வெழுத்தையே முதலாகக் கொண்டு இத்தலைநகரில் குமாஸ்தாவாகவும் கணக்கராகவும் ஆசிரியராகவும் வந்து குடியேறியவர்கள். ஆயினும் 1817இன் ஆணைக்குப் பின் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், வயலில் இறங்கி அந்நாட்டுக்குச் சோறிட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியின் முற்றமும் விலக்கப்பட்ட இடமாகவே இருந்தது. ஆணைக்கும் முற்றத்துக்கும் இடையே இருந்த அந்தத் தூரத்தை அளந்து கடந்தவர் எழுத்தறியாத ஒருவர் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

அவர் அய்யன்காளி. 1863ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள், விழிஞ்ஞத்தை அடுத்த வெங்கானூரில் புலையர் குடியில் பிறந்தார். பள்ளிக்கூடம் சென்றறியாதவர். அவருக்கு வழிகாட்டியவர்களுள் தைக்காடு அய்யா சுவாமிகளும் ஒருவர் என்பது தமிழராகிய நாம் மறந்துவிடலாகாத செய்தி. சுப்பராயர் என்னும் இயற்பெயருடைய அத்தமிழ்ப் பெரியார், திருவனந்தபுரம் ரெசிடென்சியில் அலுவல் பார்த்துக்கொண்டே யோகம் பயிற்றியவர். நாராயண குருவும் சட்டம்பி சுவாமிகளும் அவரிடம் பயின்றனர். தைப்பூச நாளில் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உணவளித்தமையால் உறவினரின் பழிப்புக்கும் ஆளானார். 1909இல் அவர் மறைந்தார். அந்தப் பந்தியில் இடம் பெற்றவர்களுள் அய்யன்காளியும் ஒருவர் என்பர்.

1893ஆம் ஆண்டில் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கி, இரண்டு காளைகளைப் பூட்டி, மணியொலிக்கப் பொதுச் சாலையில் ஓட்டிச் சென்றார். இன்றைய பிள்ளைகளுக்கு இதில் என்ன வீரம் என்று தோன்றலாம். அவரைச் சேர்ந்தோர் அச்சாலையில் நடப்பதற்கே தடை இருந்த காலம் அது. அடுத்த சில ஆண்டுகளில் அவரும் தோழர்களும் ஆறாலுமூட்டுச் சந்தைக்கு நடந்து சென்றபோது பாலராமபுரத்துச் சாலியத் தெருவில் தாக்கப்பட்டனர். இரு தரப்பிலும் குருதி சிந்தியது. சாலியத் தெருக் கலகம் என்றே அந்நிகழ்ச்சி வரலாற்றில் பெயர் பெற்றது. பாலராம வர்மா மன்னர் காலத்தில் தென் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வரவழைக்கப்பட்டுக் குடியேறிய நெசவாளர்களின் தெரு அது. நம்மைப் போலவே பிழைப்புத் தேடி வந்து, தறியின் ஓசையால் ஓர் ஊரையே உண்டாக்கியவர்கள். அவர்களுடைய நெசவின் நுண்மையைச் சொல்லிப் பூரிக்கும் நாம், அந்நாளில் அத்தெருவின் திண்ணைகள் எப்பக்கம் நின்றன என்று கேட்டுக்கொள்வதில்லை. கேட்டுக்கொள்ள வேண்டும் என்றே எண்ணுகிறோம்.

சாலையில் நடக்கும் உரிமைக்கு அடுத்து அவர் நாடியது பள்ளிக்கூடம். பிறர் பள்ளியில் இடமில்லையெனில் தாமே ஒன்று அமைப்போம் என்று 1904ஐ ஒட்டி வெங்கானூரில் ஒரு குடிசைப் பள்ளியைத் தொடங்கினார். மணலில் விரலால் எழுதக் கற்பிக்கும் எளிய ஏற்பாடுதான். அதனை இரவில் தீயிட்டனர். மீண்டும் கூரை வேய்ந்தனர். ஓலைக் கூரைக்கு ஒரு வசதி உண்டு. எரிப்பதும் எளிது, வேய்வதும் எளிது. காவலுக்கு ஆள் நிறுத்திக் குழந்தைகளைப் படிக்க வைத்தார்கள்.

1907ஆம் ஆண்டில் சாதுஜன பரிபாலன சங்கம் தோன்றியது. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் சேர்க்கலாம் என்று அதே ஆண்டில் அரசும் ஓர் ஆணை வெளியிட்டது. ஆணை வெளியிட்டது என்று எழுதுகிறோமே தவிர, அது வெளியே வரவில்லை. கீழ் அலுவலகங்களின் கோப்புகளுக்குள் அடங்கிக் கிடந்தது. பள்ளியின் வாயிலுக்குச் சென்ற பெற்றோர், ஆணை எதுவும் வந்து சேரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டனர். அரசின் நல்லெண்ணம் எங்கே நின்றுபோகிறது என்பதனை அலுவலகங்களில் உழன்ற நம்மவர்க்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

அப்போது நிகழ்ந்த ஒன்று, தொழிலாளர் இயக்க வரலாற்றில் உலகெங்கும் தேடினும் இணை காண்பது அரிது. கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தவர் உண்டு. வேலை நேரத்தைக் குறைக்கச் செய்தவர் உண்டு. தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பதனைத் தலைக் கோரிக்கையாக வைத்து, எழுதப் படிக்கத் தெரியாத உழவுத் தொழிலாளர் மண்வெட்டியைக் கீழே வைத்தனர். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லையென்றால் உங்கள் வயல்களில் புல்தான் முளைக்கும் என்பது அய்யன்காளியின் எச்சரிக்கை. காரணமின்றி அடித்தலும் வேலையிலிருந்து விலக்குதலும் கூடாது, செய்த வேலைக்கு முறையான கூலி வேண்டும் என்னும் கோரிக்கைகளும் உடன் இருந்தன.

நிலக்கிழார்கள் முதலில் நகைத்தனர். வயிறு காய்ந்தால் தாமே வந்து சேர்வர் என்று காத்திருந்தனர். சேறு காணாத சிலர் தாமே வயலில் இறங்கிப் பார்த்ததாகவும், இரண்டொரு நாளில் கரையேறியதாகவும் கதைகள் வழங்குகின்றன. வயல்களில் மெய்யாகவே புல் முளைத்தது. பசியோ தொழிலாளர் குடிசைகளில்தான் முதலில் புகுந்தது. அப்போது அய்யன்காளி விழிஞ்ஞம் கடற்கரைக்குச் சென்று மீனவரிடம் உதவி வேண்டினார்; படகுக்கு ஒருவராக இவர்களையும் கடலுக்கு அழைத்துச் சென்று பங்கு கொடுக்க அவர்கள் இசைந்தனர். பாலராமபுரத்து நாற்சந்தியில் பேருந்து நிற்கும்போது வலமும் இடமும் பிரியும் அச்சாலையை இனியொரு முறை பாருங்கள். பள்ளிக்கூடம் வேண்டி வயலை விட்டு வந்த மக்களுக்குக் கடல் சோறிட்ட வழி அது. ஏறத்தாழ ஓராண்டு நீடித்த போராட்டம் அரசின் தலையீட்டால் உடன்பாட்டில் முடிந்தது. 1910ஆம் ஆண்டில் பள்ளி நுழைவு ஆணை மீண்டும் வலியுறுத்தி வெளியிடப்பட்டது.

ஆணை கையில் கிடைத்தது. குழந்தை கையைப் பிடித்து வந்தது. பஞ்சமி என்னும் சிறுமியை அழைத்துக்கொண்டு அய்யன்காளி ஊரூட்டம்பலம் பள்ளிக்குச் சென்றார். தலைமையாசிரியர் மறுத்தார். வந்தவர்கள் திரும்பிச் செல்ல மறுத்தனர். குழந்தை வகுப்பினுள் சென்று பெஞ்சில் அமர்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. பிற குழந்தைகள் எழுந்து வெளியேறினர், அல்லது வெளியேற்றப்பட்டனர். குழந்தைகள் தாமாகவே அப்படி எழுந்திருப்பார்கள் என்று நம்ப நமக்கு மனமில்லை. அன்றிரவு பள்ளி தீக்கிரையாயிற்று. தொடர்ந்து கண்டலை முதலிய சுற்று ஊர்களிலெல்லாம் கலகம் பரவிப் பல குடிசைகள் சூறையாடப்பட்டன. இந்நிகழ்ச்சி 1910இல் நடந்தது என்போரும் 1914இல் நடந்தது என்போரும் உளர். இப்பகுதி மக்கள் கலகத்தைத் தொண்ணூறாமாண்டுக் கலகம் என்று கொல்லம் ஆண்டு 1090ஐக் குறித்தே வழங்கி வந்தமையால், 1914-15 என்னும் கணக்கே பொருந்துவதாக நமக்குத் தோன்றுகிறது.

ஊரூட்டம்பலம் மட்டுமன்று. மத்திய திருவிதாங்கூரில் திருவல்லாவை அடுத்த புல்லாட்டிலும் இதே காரணத்துக்காக ஒரு பள்ளி எரிந்தது. தீவைத்த பள்ளிக்கூடம் என்றே அது பின்னர்ப் பெயர் பெற்றது. எரித்தவர் யாவரும் கொடியவர், எதிர்த்தவர் யாவரும் அறியாதவர் என்று எளிதாகச் சொல்லி நகர்ந்துவிடவும் இயலாது. நெய்யாற்றின்கரையில் பிறந்து, திவானின் ஊழலை அஞ்சாது எழுதி, அதன் காரணமாக 1910இல் நாடு கடத்தப்பட்ட சுதேசாபிமானி இராமகிருஷ்ண பிள்ளையை நாமும் போற்றுகிறோம். அதே ஆண்டில், அதே ஏட்டில், இருவகைக் குழந்தைகளையும் ஒரு வகுப்பில் அமர்த்துவது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது என்று எழுதியவரும் அவரே. தலைமுறை தலைமுறையாக அறிவைப் பயிர் செய்தவர், நிலத்தைப் பயிர் செய்தவர் என்பது அவர் கண்ட வேறுபாடு. உரிமைக்காகத் தம் வாழ்வையே இழந்த ஒருவருக்கும் ஒரு சிறுமியின் உரிமை கண்ணிற்படவில்லை. இதனை எழுதுகையில் நம் மனம் நிமிர்ந்து நிற்கவில்லை. நம் கண்ணுக்கு இன்று படாதது எது என்னும் ஐயம் எழுகிறது.

1911ஆம் ஆண்டு இறுதியில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பொறுப்பில் இருந்தார். சபை கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் நின்று தரிசு நிலமும் கல்விச் சலுகையும் கேட்டார். 1937ஆம் ஆண்டு சனவரியில் காந்தியடிகள் வெங்கானூர் சென்று அவரைக் கண்டபோது, தம் மக்களுள் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெற்றிருப்பதைக் கண்ணால் காண வேண்டும் என்னும் ஆசையை அவர் வெளியிட்டதாகக் கூறுவர். பத்தே பத்துப் பேர். 1941ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் அவர் காலமானார். 1980இல் வெள்ளையம்பலம் சந்திப்பில் அவருடைய சிலையைப் பிரதமர் இந்திரா காந்தி திறந்து வைத்தார். 2019இல் அந்த டவுன் ஹாலே அய்யன்காளி மண்டபம் எனப் பெயர் பெற்றது.

பின்வந்த அரை நூற்றாண்டின் கதை நாம் நன்கறிந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தென் வட்டங்கள் நான்கும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. 1957இல் ஜோசப் முண்டசேரி கொணர்ந்த கல்வி மசோதாவும் அதனையொட்டி எழுந்த பெரும் பூசலும் ஓர் அமைச்சரவையின் வீழ்ச்சிக்கே காரணங்களுள் ஒன்றாயின. 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. 1995இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் பொறுப்பு ஊராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நடந்து செல்லும் தொலைவில் ஒரு பள்ளி என்பது கேரளத்தில் வியப்பூட்டும் செய்தியாக இல்லாமற் போயிற்று. வியப்பு அற்றுப்போன இடத்தில் மதிப்பும் குறையத் தொடங்கியது எனலாம்.

இனி இன்றைய நிலைக்கு வருவோம். கேரளத்துக் கிராமத் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு மே மாதம் விடுமுறை மாதமன்று. துண்டறிக்கைக் கட்டோடு அவர்கள் வீடு வீடாகச் செல்லும் மாதம் அது. குழந்தையை எங்கள் பள்ளியில் சேருங்கள், ஆங்கில வழிப் பிரிவு உண்டு, வண்டி வசதி உண்டு, கணினி உண்டு என்று திண்ணை திண்ணையாக எடுத்துரைக்கின்றனர். ஒரு காலத்தில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் பள்ளியின் வாயிலில் நின்று மன்றாடினார். இன்று பள்ளியே குழந்தையின் வாயிலில் வந்து நிற்கிறது. பள்ளி திறக்கும் நாளைப் பிரவேசனோத்சவம் என்று விழாவாகவே கொண்டாடுகின்றனர். தோரணமும் பலூனும் காகிதத் தொப்பியும் இனிப்பும் உண்டு. ஊராட்சித் தலைவர் வருவார்; பழைய மாணவர் குடையும் புத்தகப் பையும் வழங்குவர். அந்தக் காலை நேரத்தில் பள்ளி உண்மையிலேயே ஊரின் நடுவீடாகி விடுகிறது.

விழா முடிந்த ஆறாம் வேலை நாள் கணக்கெடுப்பு வருகிறது. அன்று வகுப்பில் உள்ள தலைகளின் எண்ணிக்கையைக் கொண்டே அவ்வாண்டின் ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகும். இரண்டு குழந்தைகள் குறைந்தாலும் ஓர் ஆசிரியரின் வேலை ஆட்டங்காணும். சராசரியாக வகுப்புக்குப் பதினைந்து பேர் இல்லாத பள்ளிகளை ஆதாயமற்ற பள்ளிகள் என்று பொருள்படும் சொல்லால் கல்வித் துறை வகைப்படுத்தி வந்தது. ஆதாயம் என்பது கடைத்தெருச் சொல். சாலைக் கடைத்தெருவில் தலைமுறைகளாக வணிகம் செய்யும் நம்மவர் அதன் பொருளை நன்கறிவர். ஒரு பள்ளிக்கூடத்தின் வரவு செலவை அச்சொல்லால் எழுத அவர்களே தயங்குவர்.

குழந்தைகள் ஏன் குறைகின்றனர் என்பதற்கு ஒரே காரணம் சொல்வது முறையன்று. பிறப்பே குறைந்துவிட்டது. முன்னர் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறந்த கேரளத்தில் 2023ஆம் ஆண்டில் அது நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கியது. எஞ்சியவர்களிலும் கழுத்துப் பட்டையும் காலணியும் அணிந்து மஞ்சள் வண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அரசும் வாளாவிருக்கவில்லை. 2017ஆம் ஆண்டு சனவரியில் பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கியது, கட்டடங்கள் எழுந்தன, வகுப்பறைகளில் கணினித் திரைகள் வந்தன. சில ஆண்டுகள் மாணவர் எண்ணிக்கை உயர்ந்து, பெருந்தொற்றுக்குப் பின் மீண்டும் சரியலாயிற்று. மக்கள் துணை நின்ற இடங்களும் உண்டு. கோழிக்கோட்டை அடுத்த மலாப்பறம்பில் 2014ஆம் ஆண்டு ஒரு தனியார் உதவிபெறும் பள்ளி இரவோடிரவாக இடிக்கப்பட்டபோது ஊரார் கூடி அதனை மீண்டும் கட்டினர். 2016இல் மூடும் நிலை வந்தபோது அரசு அதனைத் தன்வசம் ஏற்றுக்கொண்டது. எரித்ததும் இடித்ததும் வேறு வேறு காலம். வேய்ந்தவர்கள் மட்டும் எப்போதும் ஊரார்தாம்.

பள்ளியின் சமையற்கட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். கேரள அரசு தன் செலவில் மதிய உணவுத் திட்டத்தை 1984ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் 222 தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. கடற்கரை மீனவர் ஊர்களே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. கஞ்சியும் பயறுமாகத் தொடங்கியது பின்னர்ச் சோறும் கறியுமாயிற்று. வாரம் ஒரு முட்டை, இரு நாள் பால் என வளர்ந்தது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டிலிருந்து எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, காய்கறிப் பிரியாணி என்று புதிய பட்டியலும் வந்துள்ளது. குழந்தைகளுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இதனை நடத்தும் தலைமையாசிரியரின் கணக்குப் புத்தகத்தை யாரும் புரட்டுவதில்லை. 2016இல் வகுத்த விதிப்படி, 150 குழந்தைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய். அதற்கு மேல் 500 வரை 7 ரூபாய். அதற்கும் மேற்பட்டோர்க்கு 6 ரூபாய். அரிசி தனியே வந்துவிடும். காய்கறி, எரிவாயு, எண்ணெய், முட்டை, பால், வண்டிக் கூலி யாவும் அந்த ரூபாய்க்குள் அடங்க வேண்டும். முட்டை விலை ஏறியது. பால் விலை ஏறியது. 2023 வரை அந்த எண்கள் ஏறவில்லை. அந்தப் பணமும் மாதக் கணக்கில் தாமதமாயிற்று. தலைமையாசிரியர் பலர் மளிகைக் கடையில் தம் பெயரில் கடன் எழுதி உணவு வழங்கினர். ஆசிரியர்களின் அமைப்பினர் 2023இல் கேரள உயர்நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. இதற்கிடையே ஐந்நூறு குழந்தைகளுக்கு ஒரு சமையலாள் என்பது விதி. ஐந்நூறு பேருக்குச் சோறு வடிப்பதென்றால் என்ன என்பதனை நம் கலியாண வீடுகளில் அடுப்படி பார்த்தவர்கள் எண்ணிப் பார்க்கலாம். பல ஊர்களில் தாய்மார் முறை வைத்து வந்து காய் நறுக்கித் தருவதனாலேயே அந்த அடுப்பு அணையாமல் எரிகிறது. ஊரூட்டு இன்று உண்மையில் நடைபெறும் இடம் பள்ளிக்கூடம்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தப் பந்தியில் அமரும் குழந்தைகளையும் கவனிக்க வேண்டும். அஸ்ஸாம், வங்காளம், ஒடிசா ஆகிய மாநிலங்களிலிருந்து கட்டட வேலைக்கும் செங்கற் சூளைக்கும் வந்தோரின் பிள்ளைகள் கேரளத்து அரசுப் பள்ளிகளில் இன்று கணிசமாக உள்ளனர். எர்ணாகுளம் மாவட்டத்தில் அவர்களுக்காகவே ரோஷ்ணி என்னும் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டு, அவர்கள் தாய்மொழியின் துணைகொண்டு மலையாளம் கற்பிக்கப்படுகிறது. இந்தக் காட்சி நமக்குப் பழக்கமானது. துணி மூட்டையோடும் பாத்திரக் கூடையோடும் துப்புரவுத் துடைப்பத்தோடும் இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், புரியாத மொழியில் பெயர் கூப்பிடக் கேட்டு விழித்து நின்ற அதே வாயில்தான் அது. அவர்களுள் பலரை ஏற்றுக்கொண்டது அரசுப் பள்ளியேயன்றி வேறன்று. சாலைப் பகுதியில் அரசு தமிழ்ப் பள்ளி ஒன்றும் நமக்கென இருந்து வருகிறது. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்வி அளிக்க வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ என்னும் உறுப்பும் கூறுகிறது. நம் சங்க மேடைகளில் அவ்வுறுப்பை நாம் எடுத்துக்காட்டாத ஆண்டுவிழா இல்லை.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். இக்கட்டுரைக்காகச் செய்தி திரட்டியபோது, நம் நண்பர் குழாத்தில் எத்தனை வீட்டுப் பேரக் குழந்தைகள் அரசுத் தொடக்கப் பள்ளியில் பயில்கின்றனர் என்று ஒரு மாலையில் கேட்டுப் பார்த்தோம். தமிழ்வழியா மலையாளவழியா என்ற வினாவுக்கே இடமிருக்கவில்லை. எண்ணி முடிக்க ஒரு கையே போதுமானதாயிற்று. நம் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். வண்டி வாயிலுக்கே வருகிறது, மாற்றலானால் பாடத்திட்டம் ஒத்துப்போகும், மருமகள் வேலைக்குப் போகிறாள் எனக் காரணங்கள் வந்தன. எல்லாம் நியாயமான காரணங்களே. ஒன்றையும் மறுக்க நமக்குத் துணிவு வரவில்லை. பேச்சு ஓய்ந்தபின் ஒரு மூதாட்டியார் மட்டும், தாம் படித்த பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று கேட்டார். விடை சொல்ல அங்கு யாருமில்லை.

ஊரூட்டம்பலம் அரசு யு.பி. பள்ளிக்கு 2022ஆம் ஆண்டில் அய்யன்காளியின் பெயரோடு பஞ்சமியின் பெயரையும் சேர்த்துச் சூட்டினர். திருவிதாங்கூரில் மன்னர் பெயரிலும் அரசியர் பெயரிலும் திவான் பெயரிலும் பள்ளிகள் பல உண்டு. பள்ளியில் சேர வந்த ஒரு குழந்தையின் பெயரில் அமைந்த பள்ளி இதுவென்றே நினைக்கிறோம். பாலராமபுரத்திலிருந்து காட்டாக்கடை செல்லும் பேருந்தில் ஏறினால் ஊரூட்டம்பலத்தில் இறங்கிக்கொள்ளலாம். அடுத்த சூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில் சங்கத்தார் சிலர் அங்கே சென்று வருவதென முடிவு செய்திருக்கிறோம். குழந்தைகளுக்குத் தர என்ன வாங்கிச் செல்லலாம் என்று பேசியபோது, குடைகள் என்று ஒருமனதாகச் சொன்னார்கள். சூன் மாதத்தில் இங்கே மழை பிடித்துவிடும்.